இறந்தவர் சிரிக்க வேண்டும்

சதுரங்கப்பட்டினம்
12 ஜூன் 2024

அன்புள்ள ரேணுகாவுக்கு,

பயப்படாதே, என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கவியாதான் வருவதில்லை.

உன் படத்தில் கிழவியும் குழந்தையும் சிநேகிதிகள். நடித்த நானும் கவியாவும் அதை நம்பிவிட்டோம். கேமராவை மூடிய பிறகும் அவள் என்னோடுதான் கிடப்பாள். "பல்லக் கயட்டிக் காட்டு பேகம்" என்று எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்குவாள். படப்பிடிப்பு முடிந்தாலும் ஞாயிறுதோறும் அணுபுரத்திலிருந்து கூட்டி வருவதாக அவள் அம்மா ஜாய்ஸ் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிறும் வரவில்லை.

போன் செய்தேன். குழந்தை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம்: "நான் அழுதுகினு கீறேன், பேகம் எய்ந்து சிரிக்குது."

கடைசி நாள் நான் பிணமாக வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தேன். அவள் அழுவது கேட்டது. நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், சினிமாவில் அது வழக்கம், இல்லாவிட்டால் ஆகாது என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். சிரித்தேன்.

அவளிடம் என்ன சொல்லி அழவைத்தாய்? நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்தர் பேகம்

*

கூடுவாஞ்சேரி
29 ஜூன் 2024

பேகம்மா,

நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். நிஜமாகவே.

அழுகைக்காகக் கிளிசரின் போட்டால் கவியா கண்ணைக் கசக்கிவிடுகிறாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். திரைப்பட விழாவில் அந்த அழுகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். குழந்தைகள் மறந்துவிடுவார்கள். நானும் மறக்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

உங்களுக்கு எதுவும் தெரியாது என்று நானே அவளிடம் வந்து சொல்வேன். படம் வெளியான பிறகு. இப்போது ஜாய்ஸுக்குத் தெரிந்தால் காட்சியை நீக்கச் சொல்வார். அது இல்லாமல் படமே இல்லை.

அதுவரை பேசாமல் இருங்கள். எனக்காக.

உங்கள் ரேணுகா

*

சதுரங்கப்பட்டினம்
8 ஜூலை 2024

ரேணுகா,

நீ வருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நானே அணுபுரத்துக்குப் போனேன்.

ஜாய்ஸ் டீ போட உள்ளே போனாள். கவியா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நீ சொன்ன பொய் எனக்குத் தெரியாது என்றேன். ஏன் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். குழந்தைக்குப் புரியும்படிதான் சொன்னேன். கையைப் பிடிக்கப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

"இப்பவும் நடிக்கிறியா பேகம்?"

கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்றேன். அதையும் வசனத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள். தலையை ஆட்டினாள், நன்றாக நடிக்கிறாய் என்பதுபோல. பிறகு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

ஜாய்ஸ் டீயோடு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் காட்சி இல்லாமல் படமே இல்லை என்று நீ எழுதியதையும். டீயைக் குடித்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அக்தர் பேகம்