பிரித்துப் பார்த்த மூட்டை

போடிநாயக்கனூர்,
புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சிவரஞ்சனி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை கார்முகிலும் சுகம். இந்தூரில் தங்குமிடமும் சாப்பாடும் ஒத்துக்கொள்கிறதா? எந்நேரமும் ரொட்டிதான் என்று போனில் அலுத்துக்கொண்டீர்கள். வீட்டில் தோசை கொஞ்சம் முறுகினாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளுக்கு அது வேண்டியதுதான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி, வையி" என்று விடுகிறீர்களே. அதனால்தான் நம்மிடம் சரக்கு வாங்குகிற சேட்டிடம் காட்டுவதற்கு அனுப்பும் ஏலக்காயோடு இதையும் பார்சலில் வைக்கிறேன். உட்கார்ந்து படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கெட்ட செய்தி இல்லை.

ஒச்சப்பன் அண்ணன் மூட்டையை நான் பிரித்துவிட்டேன்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள். நீங்கள் கிளம்பும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்த மனுசன் மூட்டையில கை வச்சேன்னா, அப்புறம் கடைய நீயே பாத்துக்க" என்றீர்கள். நாம் கடை போட்ட புதிதில் மலையில் ஒருவரும் நம்மை நம்பிக் காய் கொடுக்கவில்லை. அவர் மட்டும்தான் ஏலத்துக்குப் போகாமல் நம் வாசலில் ஜீப்பை நிறுத்தினார். மற்றவர்கள் காயையெல்லாம் கொட்டி, மோந்து, கடித்துப் பார்த்து விலை சொல்கிற நாம், அவர் மூட்டையை மட்டும் தைத்த வாய் தைத்தபடி சேட்டுக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவந்தோம். அன்றைய ஏல விலை எதுவோ அதுவே அவருக்கு. அதை நானும் பெருமையாக நாலு பேரிடம் சொன்னவள்தான்.

ஆனால் போன லோடில் புகை வாடை அடிக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் தீபாவளிச் சரக்கை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சேட் சொன்ன பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? விலையைக் குறைத்து சேட்டைச் சமாதானம் செய்துவிடலாம், அண்ணன் காதுக்கு விஷயம் போக வேண்டாம் என்று நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். விலையைக் குறைத்தால் காயில் ஏறின புகை இறங்கிவிடுமா? சேட் போய்விட்டால் நமக்குக் கடை இல்லை. அண்ணன் போய்விட்டால் சேட்டுக்குக் கொடுக்கக் காய் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா.

அடுத்த லோடு வந்து இறங்கியதும் நூலை அறுக்கச் சொன்னேன். நம்மிடம் காய் பொறுக்க சிலமலையிலிருந்து வருகிற ஆயம்மாள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். இந்தப் பாவத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்றாள். நானே அறுத்தேன். காய் நல்ல பருமன், நல்ல பச்சை. பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு ஒன்றை உடைத்து மோந்தேன். புகையேறின அடுப்படித் துணி வாடை.

கார்முகிலை ராசிங்காபுரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு கைப்பிடிக் காயை முடிந்துகொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். போடிமெட்டிலிருந்து தோட்டத்துக்கு ஜீப்பில் போனேன். அண்ணனின் மருமகள் சந்திரவல்லி பால் விடாத கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்தாள். நான் முடிச்சை அவிழ்த்துக் காயை வைத்தேன். அண்ணன் அதைத் தொடவே இல்லை. "பிரிச்சியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

நாளையிலிருந்து காய் ஏலத்துக்குப் போகும், அங்கே எல்லார் மூட்டையையும் பிரிக்கிறார்கள், அதில் ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை என்றார். என் காயில் புகையா, வந்து பார் என்று காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு விடுவிடுவென்று முன்னால் நடந்தார். உள்ளே தட்டுத் தட்டாகக் காய் காய்ந்துகொண்டிருந்தது. எப்படிப் பரப்புகிறார், எவ்வளவு சூடு வைக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குக் கண் எரிந்து தாரை தாரையாகக் கொட்டியது.

அதைப் பார்த்து அண்ணன் பதறிவிட்டார். "எதுக்கு ஆத்தா அழுகுற? நான் பேசுனதத் தப்பா எடுத்துக்கிட்டியா?" என்றார். அழவில்லை அண்ணே, புகை என்றேன். எங்கே புகை என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்குக் கண்ணும் எரியவில்லை, மூக்கிலும் ஏறவில்லை. விறகடுப்புப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றவருக்கு அது தெரியவே இல்லை. என் கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து தட்டுகளுக்கு அடியில் தேடினார். சூடு போகிற தகரக் குழாய் துருவேறி, மடிப்பில் விரிந்து, அடுப்புப் புகையைக் கசிய விட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க பிரிக்காம எடுத்துக்கிட்டது எனக்கு மரியாதைதான். ஆனா ஒவ்வொரு லோடு எறங்கும்போதும், காயி எப்படி இருக்கோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். பிரிக்கச் சொல்லவும் வாய் வரல. இனிமே பாத்தே எடுத்துக்க ஆத்தா." எனக்கு அப்போதுதான் உண்மையாகவே அழுகை வந்தது.

குழாயை மாற்றிவிட்டார். இன்று புதுக் காயோடு அவரே கீழே இறங்கி வந்து, தன் கையால் மூட்டையைப் பிரித்து ஆயம்மாள் புடைக்கிற சொளகில் கொட்டினார். ஆயம்மாள் ஒன்றை உடைத்து மோந்துவிட்டு, இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. காய் பருமனாக இருக்கிறது, ஏல விலைக்கு மேலே போட்டுக் கொடு என்றார். இத்தனை வருசம் பேசாத பேரத்தையெல்லாம் சேர்த்துப் பேசினார் மனுசன். நானும் விடவில்லை. கொஞ்சம் ஏற்றித்தான் கொடுத்தேன், அந்தக் காய்க்குத் தகும். புகைக் காயை, புகை என்று சொல்லியே ஒரு மசாலாப் பொடிக்காரருக்குத் தள்ளிவிட்டேன். அந்த நட்டம் முழுக்கத் தன்னுடையது என்றார் அண்ணன். பார்க்காமல் ஏற்றியது நாங்கள்தானே, பாதி எங்களுடையது என்றேன்.

சேட்டிடம் குழாய் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விலையை மட்டும் குறைக்காதீர்கள். இந்தக் காயை அவரே உடைத்துப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேறு ஆள் தேடுவோம். காய் நல்ல காய், எனக்கு இப்போது பயமில்லை.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நான் செய்ததற்கு, நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்று. சேட் சரி என்றாலும் இல்லை என்றாலும் அடுத்த ரயிலைப் பிடியுங்கள். என் மேல் கோபம் இருந்தால் அதை அங்கேயே ஆற விட வேண்டாம், வீட்டுக்கே கொண்டுவாருங்கள். எதிரில் உட்கார்ந்து திட்டுங்கள், நான் பாதியில் எழுந்து போகமாட்டேன்.

என்றும் உங்கள்,
சிவரஞ்சனி