சாரைக்காக அறுத்த வலை

அன்புள்ள மாமா,

இந்த ‘அன்புள்ள’ வழக்கத்துக்காகப் போட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

பட்டு நெய்கிற காஞ்சிபுரத்தின் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்புடவை கூடாது என்றீர்கள். மற்ற ஜைன வீடுகளில் உடுத்துகிறார்களே என்று என் அம்மா கேட்டாள். புழுவை வெந்நீரில் கொன்று எடுத்த நூல் என் வீட்டுக்குள் வராது என்று முடித்துவிட்டீர்கள். நூல்புடவையில் தாலி கட்டிக்கொண்டேன். அந்த போட்டோவை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

தோட்டத்திலும் அதே சட்டம்தான். ஓரிக்கைப் பக்கம், பாலாற்று ஓரத்தில் ஒயின் திராட்சை போட்டீர்கள். வேலியில் நொச்சியும் ஆடாதொடையும் காடாக வளரவேண்டும், மருந்து அடிக்கக்கூடாது, கடைசி இரண்டு வரிசைப் பழம் மைனாவுக்கும் குயிலுக்கும். எலி பிடிக்கச் சாரைப்பாம்பு இருக்கிறது, அதன் வழியில் நிற்காதே என்று எனக்குப் புத்திமதி வேறு. கொடிக்கடியில் குனிந்து களை எடுத்தது நான். சாரை காலருகே ஓடும்போதெல்லாம் அலறியதும் நான். ஊர் புகழ்ந்தது உங்களை.

ஒருநாள் கேட்டே விட்டேன். “மாமா, பொழுது சாஞ்சா பூச்சி விழுந்துடும்னு சோத்தையே தொட மாட்டீங்க. நம்ம பழம் ஒயினுக்குப் போவுது. அது மட்டும் சரியா?”

நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வெளைவிச்சுக் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுதுமா. அப்புறம் எது எப்பிடிப் போனா நமக்கு இன்னா?”

சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும், பழச்சாறு கம்பெனிக்கு என்பீர்கள். ஏன் மாமா? கூச்சமா, பயமா?

இப்போதைய சேதிக்கு வருகிறேன். இந்த அறுப்புக்கு முன்னால் பழம் வாங்குகிறவர் வந்தார். பறவை கொத்திய கொத்து ஒன்றுகூட எடுக்க மாட்டேன், வலை கட்டுங்கள் என்றார். என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் பிள்ளை, மறுநாளே எல்லா வரிசைக்கும் நைலான் வலை கட்டிவிட்டார். உங்கள் கடைசி இரண்டு வரிசைக்கும்தான்.

மூன்றாம் நாள் காலையில் போனேன். தரையோரம் வலைக்குள் சாரை சிக்கிக் கிடந்தது. அது முண்ட முண்ட இழை செதிலுக்குள் இறங்கியிருந்தது. உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

“வலை கட்டறதோட நம்ம வேலை முடிஞ்சுது. எது மாட்டிக்கினா நமக்கு இன்னா?”

அதே பேச்சு. அதே குரல். நீங்களே நின்று பேசியதுபோல இருந்தது. தோட்டத்தோடு சேர்த்து இதையும்தான் அவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனீர்களா?

வந்த கோபத்தில் பயம் தெரியவில்லை. “துண்டப் போட்டுத் தலையப் புடிங்க” என்றேன். கொத்து வெட்டுகிற கத்தரியால் இழை இழையாக நறுக்கினேன். என் கையெல்லாம் நாறக் கழிந்துவிட்டு அது நொச்சிக்குள் போய்விட்டது. கத்தரி கையிலேயே இருந்தது. மீதி வலையையும் அறுத்துப் போட்டேன்.

“பைத்தியமா உனுக்கு?” என்றார் உங்கள் பிள்ளை. இருக்கலாம். பறவைகள் தின்றது போக மிச்சத்தில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார் பழம் வாங்குகிறவர். எனக்கும் உங்கள் பிள்ளைக்கும் இன்னும் சரியான பேச்சில்லை.

எங்கே போய்ப் பிறந்திருக்கிறீர்களோ, அங்கிருந்து பூரித்துப் போகாதீர்கள். உங்களுக்காகச் செய்யவில்லை. அந்தப் பாம்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. ஆனால் என் கண்ணெதிரே அது துடித்ததைப் பார்த்துவிட்டு, நமக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒயின் விஷயத்தில் உங்களால் மட்டும் எப்படி முடிந்தது?

ஒயினை என்ன செய்வதென்று எனக்கும் இன்னும் தெரியவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அடுத்த மாதம் உங்கள் நினைவு நாளுக்குச் சொந்தமெல்லாம் வரும். பழம் எங்கே போகிறது என்று யாராவது கேட்பார்கள். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒயினுக்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். இனி அந்தத் தோட்டத்தில் வலையும் கிடையாது, பொய்யும் கிடையாது.

நூல்புடவையில் வந்த உங்கள் மூத்த மருமகள்,
சுகுணா