சீமாட்டியின் பத்தியம்

ஜனவரி 9

சீமாட்டி மறுபடியும் வாந்தி எடுத்துவிட்டாள். இதுவரை தரை, மிதியடி, ஒருமுறை அத்தானின் செருப்பு. இன்று அக்காவின் தையல் மேசை. நாளை காலை வாடிக்கையாளரிடம் கொடுக்கவேண்டிய வெள்ளைக் கவுன் அதன்மேல் விரிந்து கிடந்தது. சரியாக அதன் மார்புப் பக்கத்தில்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கவுனை இரண்டு விரலால் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "இத நான் என்னன்னு சொல்லிக் குடுக்கறது?" என்றாள்.

அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டோம். கறை போய்விட்டது. நாற்றம் போயிற்றா என்று அத்தானை முகரச் சொன்னோம். "எனக்கு ஜலதோஷம், என்னை நம்பி முடிவெடுக்காதீங்க" என்று நழுவினார்.

பிறகு அக்கா நிதானமாகச் சொன்னாள். "ஏப்ரல் முடியட்டும். அதுக்குள்ள உன் பூனை சரியாகணும். இல்லன்னா குடோன்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடலாம். இது என் பொழப்புடி."

குடோன்காரர் அத்தானுக்குத் தெரிந்தவர். தானியக் கிடங்கில் எலிகளை விரட்ட ஒரு பூனை வேண்டுமாம். அக்கா சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம். ஆனால் இவளா எலி பிடிப்பாள்? தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுகிறது. சொறிந்து சொறிந்து கழுத்தில் ஒரு பக்கம் முடியே இல்லை. கிடைத்ததைத் தின்று பிழைக்கும் இடத்துக்குப் போனால் இந்த வயிறு எத்தனை நாள் தாங்கும்?

ஜனவரி 12

கால்நடை மருத்துவரிடம் போனோம். கூடைக்குள் இருந்தபடி வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தவள், மேசைமேல் வைத்ததும் ஊமையாகிவிட்டாள்.

டாக்டர் என்னைவிடச் சில வயது மூத்த பெண். எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "புழு இல்ல, ரத்தத்துல கோளாறு இல்ல. சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

"புதுசா எதுவும் குடுக்கலையே டாக்டர். வந்ததிலேர்ந்து அதே டின் சாப்பாடுதான். மீனும் கோழியும்."

"புதுசுதான் ஒத்துக்காதுன்னு இல்லம்மா. தினம் திங்கிறதே ஒருநாள் ஒத்துக்காம போகும்."

பஸ்ஸில் வரும்போது இந்த வாக்கியத்தையே மென்றுகொண்டு வந்தேன். குடும்பங்களைப் பற்றி நான் படித்த பாதி நாவல்களை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

இரத்தத்தைச் சோதித்து எது ஒவ்வாமை என்று சொல்வது பூனைகளுக்கு நம்பகமில்லையாம். ஒரே வழி: அவள் இதுவரை வாயில் வைத்தே அறியாத ஒரு கறி. அது மட்டும். எட்டு வாரம். வேறு எதிலும் ஒரு நக்குகூடக் கூடாது. வெறும் கறியில் பூனைக்கு வேண்டிய சில சத்துகள் இல்லை என்பதால் கலந்து வைக்க ஒரு பொடி கொடுத்தார். பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றவேண்டும். "பசிச்சா தானா தின்னும்னு விட்டுடாதீங்க. பூனை ஒரு நாளைக்கு மேல பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுடும். உடனே கூப்பிடுங்க."

பயப்படவேண்டிய நேரம். எனக்கோ நல்ல துப்பறியும் கதையின் முதல் அத்தியாயத்தை முடித்ததுபோல் இருக்கிறது. சந்தேகப்பட எத்தனை பேர் — கோழி, மீன், பால், அத்தான்.

ஜனவரி 14

முயல். நகரின் மறுகோடியில் ஒரே ஒரு கறிக்கடையில் கிடைத்தது.

"உப்பு, மிளகு தடவி ஊற வெச்சு செஞ்சீங்கன்னா…" என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"உப்பு கூடாதுங்க. வெங்காயம், பூண்டும் கூடாது. வெறும் தண்ணியில வேகவைக்கணும்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"பூனைக்கு."

வெட்டுவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா உங்க வீட்டு விலாசம் குடுங்க" என்றார்.

ஜனவரி 17

முகர்ந்து பார்த்தாள். தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பிறாண்டினாள், மண் தள்ளி மூடுவதுபோல. இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் எந்த இதழிலும் படித்ததில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். பழையதைக் கூட்டி, புதியதைக் குறைத்து, லேசாகச் சூடுபண்ணி வைக்கச் சொன்னார். வைத்தேன். பாதி தின்றாள். பாதி!

ஜனவரி 25

முழுக்க முழுக்க முயல். தட்டு காலி.

ஜனவரி 31

இன்று மலம் கெட்டியாக வந்தது. உருண்டு, திரண்டு, ஒரு வடிவத்தோடு. அவள் மலம் கழிக்கும் மண்தட்டின் முன் எவ்வளவு நேரம் குந்தியிருந்தேனோ தெரியவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே, "அத எடுத்துக் கொட்டிட்டு கைய கழுவு. அப்புறம் பேசு" என்றாள்.

ஆனால் வாந்தியும் இல்லை என்பதை அவளும் கவனித்திருக்கிறாள். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 5

நான் வேலை பார்க்கும் நூலகத்தில், எங்கள் பழுதுபார்க்கும் அறைக்கு ஒரு வண்டி நிறையத் தோல் அட்டைப் புத்தகங்கள் வந்திறங்கியிருக்கின்றன. முதுகு பிளந்தவை, மூலை உதிர்ந்தவை. ஒரு மாதத்துக்குச் சரியான வேலை. வீட்டில் வயிறு, அலுவலகத்தில் முதுகு.

கழுத்தில் புதுமுடி முளைக்கிறது. தொட்டால் பட்டுப்பூச்சி இறக்கைபோல.

பிப்ரவரி 12

வாந்தி. வயிற்றுப்போக்கு. மறுபடி சொறிகிறாள்.

என்ன நடந்தது? அதே முயல், அதே பொடி, அதே தட்டு. நானேதான் வேகவைத்தேன், நானேதான் வைத்தேன். அப்படியென்றால் — யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 13

அத்தானைக் கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது யார் வந்து நின்றாலும் ஒரு வாய் நீட்டுகிறவர் அவர். அது சந்தேகத்துக்குப் போதுமென்று எனக்குப் பட்டது.

"அத்தான், மனசத் தொட்டு சொல்லுங்க. எதையாவது போட்டீங்களா?"

"நானா? உன் பூனைக்கு பயந்து முட்டையக்கூட சமையக்கட்டு கதவ சாத்திக்கிட்டு நின்னுகிட்டே சாப்பிடுறேன்மா. ஒரு மனுஷன் சொந்த வீட்டுல முட்டைய ஒளிச்சு சாப்பிட்டு பாத்திருக்கியா?"

"துளிகூடவா குடுக்கல?"

"லிஃப்டுக்குள்ள மாட்டுனவங்ககூட என்னை இவ்வளவு கேள்வி கேக்கலம்மா." லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எழுந்துபோகும்போது சிரிப்பு இல்லை.

அக்கா என்னைத் தனியாக இழுத்தாள். "அவரு பொய் சொல்ல மாட்டாருடி. ஒரு பூனைக்காக வீட்டு மனுஷனையே குத்தவாளிக் கூண்டுல ஏத்துவியா? ஏப்ரல்னு சொன்னேன். இப்படியே போச்சுன்னா ஏப்ரல் வரைக்கும்கூட வேணாம்."

அவள் சொல்வது நியாயம். ஆனாலும் எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். என்ன மனசு இது.

பிப்ரவரி 19

கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். மாலை வந்ததும் என் வேலை ஏப்ரனை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் சீமாட்டியைக் காணோம். கூடைக்குள்ளிருந்து 'சப் சப்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஏப்ரனின் முன்பக்கத்தை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு, கண் சொக்கி, சப்பிக்கொண்டிருக்கிறாள். குட்டி தாயிடம் பால் குடிப்பதுபோல.

பசை. மீன் பசை!

தோல் அட்டைகளுக்கு நாங்கள் மாவுப்பசை போடுவதில்லை. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையை வெந்நீரில் கரைத்துப் பூசுவோம். தூரிகையை நான் துடைப்பது எங்கே? ஏப்ரனில். எல்லோரும் கந்தலில் துடைப்பார்கள், எனக்குக் கந்தலைத் தேடப் பொறுமை கிடையாது. தோல் புத்தகங்கள் வந்த வாரம் — இவள் படுத்த வாரம். ஏன் எனக்குத் தோன்றவில்லை? காய்ந்தால் அதில் மனித மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியாது. இப்போது அந்த இடத்தைச் சுடுதண்ணீரில் நனைத்து முகர்ந்தேன். மீன் சந்தை.

வீட்டில் அத்தான் மட்டும்தான் இருந்தார், குளியலறையில். கதவைத் தட்டினேன்.

"அத்தான், யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"குளிச்சிட்டு வரேன்மா, அப்புறமா கைது பண்ணு."

"நீங்க இல்ல அத்தான். நான்தான்."

தண்ணீர் நின்றது. "எது நீதான்?"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். முகம் பார்த்து என்னால் கேட்டிருக்க முடியாது; அந்தக் கதவுக்கு நன்றி. உள்ளே ஒரு சொம்பு தண்ணீர் விழுந்தது. பிறகு, "அப்ப இனிமே நான் உக்காந்து சாப்பிடலாம்ல?" என்றார்.

துப்பறிகிறவளே குற்றவாளி. இதை ஒரு கதையில் படித்திருந்தால், வாசகரை ஏமாற்றுகிறார்கள் என்று பாதியிலேயே மூடி வைத்திருப்பேன். அழவேண்டிய விஷயம். ஆனால் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. காரணம் இருக்கிறது, காரணம் தெரிந்துவிட்டது, காரணத்தைத் தூக்கி வெளியே போட முடியும்.

பிப்ரவரி 20

டாக்டர் போனில் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "முதல்லேர்ந்து ஆரம்பிங்க. எட்டு வாரம்" என்றார். ஏப்ரன் இனி நூலகத்தைத் தாண்டாது. கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 3

கெட்டி.

மார்ச் 22

எடை கூடியிருக்கிறது. தையல் மேசைக்குக் கீழே வெட்டுத்துணிக் குவியலில் தூங்குகிறாள். அக்கா துரத்தவில்லை. "துணிய அமுக்கி வெக்க ஒரு ஆள் வேணுந்தானே" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

ஏப்ரல் 17

எட்டு வாரம் முடிந்தது. ஒரு வாந்தி இல்லை. கழுத்தில் முடி மூடிவிட்டது. கொண்டாடலாம் என்று போனால் டாக்டர் அடுத்த குண்டைப் போட்டார்: இப்போது மீன் கொடுத்துப் பார்க்கவேண்டும். கொஞ்சமாக, வேகவைத்து. மறுபடி படுத்தால்தான் மீன் என்று உறுதி. இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க எதைத் தவிர்ப்பது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டிருப்போம்.

அக்காவிடம் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "நல்லா இருக்கிற ஜீவனுக்கு எதுக்குடி தெரிஞ்சே குடுக்கற?"

"உறுதியா தெரியணும்க்கா."

"இந்த மாசம் முடியறதுக்குள்ள மறுபடி வாந்தி எடுத்தா?"

கேட்டுவிட்டு அவளே என் முகத்தைப் பார்க்காமல் நூல் கோக்கப் போய்விட்டாள். கெடு அவள் வைத்தது. அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

ஏப்ரல் 19

நேற்று மீன் வைத்தோம். நக்கிய தட்டில் என் முகம் தெரிந்தது.

இன்று காலை உள்ளே இழுத்து இழுத்து ஒரு சத்தம். ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா. தைத்த உடைகளையெல்லாம் நேற்றே பீரோவில் பூட்டி, மேசையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து, பழைய துணியால் சீமாட்டியின் வாயைத் துடைத்தபடி, "அவ்வளவுதான், அவ்வளவுதான்… உன் சின்னம்மாவுக்கு இப்ப திருப்தியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னம்மாவா? அப்படியென்றால் அம்மா யார்?

மீன்தான். சந்தேகமே இல்லை. மீன் ஆகாத பூனை! உலகத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருக்கிறது, நாட்குறிப்பே, உன்னிடம் சொல்கிறேன்.

ஏப்ரல் 30

குடோன்காரர் வந்தார். தேதி சொல்லியிருந்தோமே. கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி.

நான் சீமாட்டியைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன். அத்தான் பேப்பருக்குள் மறைந்துகொண்டார். அக்காதான் வாசலில் நின்று பேசினாள்.

"அதுக்கு மீன் ஆகாதுங்க. முயல்கறி, வெறும் தண்ணியில வேகவெச்சு, பொடி கலந்து குடுக்கணும். வேற எதையும் நக்கவிடக் கூடாது. முடியுமா?"

"எங்க குடோன்ல எலி இருக்கும்மா. அது திங்கட்டும்."

"எலிய இன்னும் டெஸ்ட் பண்ணலைங்க" என்றாள் அக்கா. முகத்தில் சிரிப்பே இல்லை. "ஒவ்வொண்ணா குடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கோழியே மே மாசம்தான். எலியெல்லாம் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

அவர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு அக்கா நேராக மெஷினில் போய் உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்லப் போனேன். "ஒண்ணும் பேசாத. தையல் கோணிடும்" என்றாள்.

மே 16

பயிற்சிக்காக வேறு ஊர் வந்து இன்று நாலாவது நாள். கோழிச் சோதனையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். வகுப்பில் ஈரத்தால் ஒட்டிப்போன தாள்களைப் பிரிப்பது எப்படி என்று காட்டினார்கள். அருமை. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

மதியம் உணவுக்கூடத்தில் முதல் வாய் எடுத்து வைக்கும்போது போன்.

"போனா" என்றாள் அக்கா. வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.

"எங்க போனா?"

"எங்கயா? மண்தட்டுலதான்டி. நாலு நாளா கோழி, நாலு நாளா கெட்டி. சொறியவும் இல்ல. நேத்தைக்கு இன்னைக்கு இன்னும் நல்ல நிறம். படம் எடுத்திருக்கேன், அனுப்பவா?"

"வேணாம்க்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி, தட்ட ஓரமா வெச்சுட்டு பாரு."

மூன்று படங்கள் வந்தன. ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தையல் டேப்பை நீட்டி வைத்திருந்தாள்.