நெளிந்த தட்டு

சித்திரை 9, திங்கள்.

செல்வத்தின் மனைவி இன்று முள்ளுக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி மலைமேல் என் தோட்டத்துக்கு வந்திருந்தார். அவன் செத்து மூன்று மாதம் ஆகிறது. நான் நடத்திய ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனி இரண்டே வருஷத்தில் மூடியது. போட்டது மூன்று தட்டு. மூன்றாவதில் சாக்ஸபோன் முழுக்க அவன்தான்.

"ஒருக்கா கேக்கோணுங்கண்ணா. ஊட்டுல அவர வாசிக்க உட்டதே இல்லீங்க. சத்தம்னு வைவேன்," என்றார்.

விற்காத பெட்டிகள் தகரக் கொட்டகையில் கிடந்தன. தட்டுகளை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். போன மிளகுப் பறிப்பில் இடம் போதாமல், நானே பெட்டிகளைப் படுக்கப் போட்டு மேலே மூட்டை அடுக்கினேன். பிரித்துப் பார்த்தால் எல்லாமே அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இருப்பதில் நெளிவு குறைந்ததை ஓட்டினேன். முள் ஏறி ஏறி இறங்கியது. செல்வம் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இதில் குடிகாரன் வாசித்தது போலத் தள்ளாடியது. அவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"இப்படித்தான் வாசிப்பாருங்களாண்ணா?"

தட்டை நாசம் செய்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நான் வைஞ்சதுல தப்பில்லீங்க," என்றார். வந்தபோது இருந்த பாரம் அந்த முகத்தில் இல்லை.

செல்வா, அப்பவும் நான் வாயைத் திறக்கலடா.