நூறு கிராம் எடைக்கல் கட்டிய புடலை

மாப்ளே,

சூரிய சந்திரர் சாட்சியாக ஒரு கதை சொல்லப்போகிறேன். ஒருவரும் நம்பப்போவதில்லை. இன்று சாயங்காலம் உன் வீட்டுக் கொல்லையில், உன் புடலைப் பந்தலுக்கு அடியில் நுழைந்தேன். கொடியில் தொங்கிய உன் நூறு கிராம் எடைக்கல் என் கணுக்காலில் இடித்தது. இடித்த வேகத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை செத்த நேரம் ஆடி நின்றது.

"நின்னுருச்சா? இன்னும் ஆடுது பாரு மாப்ளே" என்று என்னிடம் கூட்டிச் சொல்ல அங்கே நீ இல்லை.

மளிகைக் கடையை மூடிய அன்று நீ அந்த ஒரு எடைக்கல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். புடலைப் பிஞ்சு சுருண்டுபோகாமல் நேராக இறங்க, நுனியில் ஊரே ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிடும். நீ எடைக்கல்லைக் கட்டினாய். "கடையில எட கொறையுதுன்னு சண்டைக்கு வந்தாய்ங்கள்ல? இங்க வந்து கேக்கச் சொல்லு" என்றாய். பந்தலையும் உன் உயரத்துக்குத்தான் போட்டாய். நீ அதற்குள் நிமிர்ந்து ராஜநடை போடுவாய். பக்கத்து வீட்டிலிருந்து வரும் நான் முதுகை மடக்கிக்கொண்டு நுழைய வேண்டும். "குனிஞ்சு வா, அப்படியே ஒரு கும்புடு போட்டுட்டு வா" என்பாய்.

காய்கறி உன் பக்கம், பூ என் பக்கம். ஒரு பங்குனியில் என் மல்லி பூத்த வாசம் பொறுக்காமல் கன்னிவாடி மலையிலிருந்து ஒரு யானை இறங்கி வந்ததாக நான் சொன்னேன். நீ வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாய்: "ஒண்ணுதானா? நான் பாத்தது மூணு. கடைசி ஆன தலையில வைக்க ஒரு முழம் கேட்டுச்சே."

என் வீட்டில் எல்லோரும் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பவர்கள். ஒரு முழம் கூட்டிக் கேட்டவன் நீ ஒருவன்தான்.

டீக்கடையில் அந்தச் சித்தையன்கோட்டைக்காரர் தன் தோட்டத்துப் புடலங்காயைக் கை விரித்துக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "எங்க காய் தரையத் தொட்டுருச்சுண்ணே. குழி வெட்டி எறக்கித்தான் வளக்குறோம்." நான் விடுவேனா? "அந்தக் குழியில ஊத்து வந்து, இப்ப எங்க தெருவே அதத்தான் குடிக்குது" என்றேன். மனுசன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். நாம் சிரித்த சிரிப்பில் வடைச்சட்டி எண்ணெய் தளும்பியது.

இந்தத் தையில் மிச்சமிருந்த விதை எல்லாவற்றையும் ஊன்றினாய். ஒன்றே ஒன்று முளைத்தது. அது பந்தல் ஏறுவதற்குள் நீ போய்விட்டாய்.

தண்ணீர் விட நான்தான் இருந்தேன். காய்த்த காயை வெஞ்சனத்துக்குப் பறித்தேன். ஆனால் முதலில் இறங்கிய நீளக் காயை மட்டும், உன் வழக்கப்படி, விதைக்கு விட்டு உன் எடைக்கல்லைக் கட்டினேன். அது பழுத்துச் சிவந்தால்தான் விதை. இல்லாவிட்டால் உன் புடலை இந்த ஒரு கொடியோடு முடிந்தது.

போன வாரம் உன் மகள் வீட்டைத் துப்புரவு செய்ய வந்தாள். தொப்பம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டதில் பேச்சில் 'ங்க' நன்றாக ஏறிவிட்டது. "மாமா, பந்தலப் பிரிச்சரலாமுங்களா? குடி வர்றவங்க வண்டி நிறுத்த எடம் கேக்குறாங்க."

நேராகக் கேட்டிருக்கலாம். நமக்கு அது எங்கே வரும்? "வேணாம் தாயி. அதுல நல்ல பாம்பு குடியிருக்கு" என்றேன்.

அவள் பந்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எத்தன அடிங்க மாமா?"

"ஏழடி இருக்கும்."

"ஏழு பத்தாதுங்க. அப்பாவா இருந்தா பதினாலும்பாரு."

அவள் காயைத் தொட்டு, எடைக்கல்லைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "பழுக்குற வரைக்கும் இருக்கட்டுங்க. அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று கொல்லைச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். அந்தச் சாவி இப்போது என் இடுப்பில் கிடக்கிறது.

அதன் பிறகும் காய் இறங்கிக்கொண்டே இருந்தது. நீ போட்ட குட்டைப் பந்தல் அல்லவா? இன்று பார்த்தால் கல்லுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல். கல்லை அவிழ்த்திருக்கலாம். நீ கட்டுகிற முடிச்சைப் பார்த்துப் பார்த்து நான் போட்ட முடிச்சு அது. கை போகவில்லை. களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புடலம்பூ வெள்ளை நூலாய்ப் பிரிந்து விரியும் நேரம். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். எழுந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

மலைக்கோட்டை ஆடியது பொய். யானையும் பொய், பாம்பும் பொய். குழி மட்டும் நெசம் மாப்ளே. ஒரு சாண்தான் வெட்டினேன். மிச்சத்தை நீ கூட்டிக்கோ.