தறிக் கொட்டகைக்கு அடியில் பாறை

நவம்பர் 11, செவ்வாய்

பல்லடத்தில் காலையிலிருந்து தூறல். குழியில் முழங்கால் தண்ணீர். பம்பு போட்டு இறைத்தோம். தறிக் கொட்டகைக்கு அடியே குழாய் தள்ளும் வேலை, இன்று பத்தாவது நாள். மதியம் குழாயைத் தள்ளுகிற ஜாக்கி நகராமல் நின்றுவிட்டது. என் ஆள் குமார் குழாய்க்குள் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"பாறைங்க்கா. நல்ல கருங்கல்லுங்க."

சோறு இறங்கவில்லை. மண்ணுக்கு ஒரு ரேட், பாறைக்கு ஒரு ரேட், இங்கே கிணறு வெட்டுகிறவர்கள் பேசுவார்களே, அப்படிப் போடலாம் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். கொட்டகை முதலாளி சென்னியப்பனின் ஆலோசகர் மசியவில்லை. மொத்த ஒப்பந்தம்தான். டிசைன், வேலை, பூமிக்குள் எது வந்தாலும் அது, எல்லாம் என் தலையில். கையில் வேறு வேலை இல்லாத நேரம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

பாறையை என் செலவில் உடைத்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான். என்னை நம்பி ஆறு பேர்.

நவம்பர் 12, புதன்

வெயில். வாங்க வேண்டியவை: டீசல், கையுறை, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

பழைய ஃபைலைப் புரட்டினேன். வேலைக்கு முன் மண்ணைப் பார்க்கத் துளைத்த டெஸ்ட் போர் இரண்டு. கொட்டகைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் போட விடவில்லை. மூன்று நாள் தறி நிற்கும் என்று முதலாளி மறுத்துவிட்டார். அதைச் சொல்லிப் பேசலாம் என்று கொஞ்சம் நிம்மதி. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அதுவும் போயிற்று. இரண்டாவது போரின் அடியில் கல் துண்டுகள். என் கையால் குறித்தது. முதலாளிக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வேலை கைநழுவிவிடும் என்று பயம்.

வீட்டுக்காரர்: "அந்தப் பக்கத்தை எதுக்கு காட்டறே? யாருக்குத் தெரியப் போகுது?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவர் மேல் அவ்வளவு எரிச்சல்.

நவம்பர் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் குழிக்குள் இறங்கினார். ஆலோசகர் மேலேயே நின்று, எல்லாப் பொறுப்பும் ஒப்பந்தக்காரருக்கு என்ற வரியைப் படித்தார். நான் ஃபைலை நீட்டினேன், இரண்டு பக்கத்தையும்.

முதலாளி படித்துவிட்டு ஃபைலை மூடினார்.

"கல்லு வந்ததை மறைச்சது எனக்குக் கோவந்தானுங்க அம்மணி. கோவமில்லைன்னு நான் பொய் சொல்லலீங்க. ஆனா நடுவுல பாக்கவே உடாதது நானுங்க. ரெண்டு பேரு பண்ணுன தப்பை ஒருத்தரு தலையில கட்டுனா நல்லா இருக்குங்களா?"

பிறகு மேலே பார்த்து: "பாறை எம்பட பூமியில கெடக்குது. உடைக்கற செலவு என்னுது. நாளு தள்ளிப்போறதால ஆவற நட்டம் அம்மணியோடது. எழுதிப்போடுங்க."

ஆலோசகர் முகம் போன போக்கு! வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வேலைக்குப் போகும் வழியில் சர்ச்சில் ஐந்து நிமிடம். ஜெபம் எதுவும் வரவில்லை. நன்றி, நன்றி என்று மட்டும்.

பாறை உடைக்கிற மிஷின் வந்தது. மாலைக்குள் ஒரு முழம். மாத்திரை வாங்க இன்றும் மறந்தேன்.

டீ நேரத்தில் சென்னியப்பன் வந்தார். பக்கத்திலேயே இன்னொரு குழாய் தள்ள வேண்டுமாம்.

"அதுக்கு ரேட்டு அப்பறம் பேசலாமுங்க. மொதல்ல நடுவுல போர் போடுங்க. மூணு நாளைக்குத் தறிய நிறுத்தச் சொல்லிப்போட்டேன்."

"எப்ப இருந்துங்க?"

"இப்பத்தானுங்க."

உள்ளே ஒவ்வொரு தறியாக அடங்கியது. இத்தனை நாளாகத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய குமார், பழக்கத்தில் இன்னும் கத்தினான்: "அக்கா, போர் வண்டிக்குச் சொல்லிரட்டுங்களா?"

அழுகை வந்துவிட்டது. சொல்லு என்று கையை மட்டும் ஆட்டினேன்.