பரு என்று நினைத்த பொட்டு

தென்காசி,
ஞாயிறு பிற்பகல்.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, பெர்சிஸ் எழுதுவது. நானும் மகள் பொன்செல்வியும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜில் பேச ஆரம்பித்தால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடுகிறது. இல்லையென்றால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன். கடையநல்லூர் முகம்மது சலீம் பாய் நாளை மஸ்கட் புறப்படுகிறார். கருப்பட்டி மிட்டாயோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். நம் ஸ்டூடியோவுக்கு எந்த எடிட்டிங் சாப்ட்வேரை வாங்கலாம் என்பது ஒன்று. பொன்செல்வி முதல் நற்கருணை எடுக்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு லீவு கேட்கத் தயக்கமாக இருக்கிறது, குடும்பப் படத்தில் என்னைச் சேர்த்துவிடுவாயா என்பது மற்றது. சாப்ட்வேர் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். தொழில் செய்கிறவர்களுக்கு என்றீர்களே, அது திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. லேயர் என்கிறது, மாஸ்க் என்கிறது. ஒரு முகத்தை முடித்துவிட்டு எழுந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான மற்றது தங்கமான பிள்ளை, எல்லாம் ஒரே பட்டன்தான். சீசனுக்கு வருகிறவர்கள் ஐந்தருவியில் எடுத்த படத்தோடு ஈரம் சொட்ட வந்து நின்று, பின்னால் தெரிகிற கூட்டத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு அப்படி எடுத்ததில் கூட்டத்தோடு அவருடைய மாமியாரும் போய்விட்டார். பதறிக்கொண்டு சொன்னேன். மனுஷன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் விடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகுதான் ஜோதிலட்சுமி அக்கா காரியம் நடந்தது. ரதவீதியில் இருப்பார்களே, அவர்களும் வீட்டுக்காரர் பரமேஸ்வரன் அண்ணாச்சியும் கல்யாண நாளுக்கு நம் கடையில் படம் எடுத்திருந்தார்கள். சீசன் கூட்டத்தில் எனக்குக் கை ஓயவில்லை. அந்த ஒரே பட்டனைத் தட்டி, முகத்தைத் துடைத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்துவிட்டேன். அதற்குள் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து படத்தைக் கேட்டார்கள். கண் விழித்ததும் அண்ணாச்சி அதைத்தான் கேட்டாராம்.

படத்தைப் பிரித்தவர்கள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சியின் திருநீற்றுப் பட்டை அப்படியே இருக்கிறது. அக்காவின் நெற்றியில் மட்டும் பொட்டு இல்லை. சிவப்பாக உருண்டையாக இருந்ததால் அதைப் பரு என்று நினைத்து அந்த பட்டன் துடைத்துவிட்டிருக்கிறது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒருத்தி தன்னைப் பார்க்கக்கூடாத கோலம் அது.

அது இயந்திரம், அதற்குத் தெரியாது. நானும் அல்லவா பார்த்துவிட்டுப் பிரிண்ட் போட்டேன்? தினமும் கண்ணாடியில் நான் பார்ப்பது வெறும் நெற்றி. பொன்செல்வி நெற்றியும் அப்படித்தான். அதனால் என் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை. அக்கா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நீ பொட்டு வைக்காத பிள்ளை, ஒனக்கு எப்படிட்டி தெரியும்" என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காந்திமதி அம்மன் சந்நிதியில் வாங்கிய குங்குமத்தைப் பையிலிருந்து எடுத்து, மோதிர விரலால் படத்திலேயே தொட்டு வைத்தார்கள். வேறு பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். "இதே இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார் என்று கேள்விப்படும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்தக் கஷ்டமானதையே வாங்குங்கள். இடுப்பு வலித்தாலும் பரவாயில்லை. நான் சொல்வதை மட்டும் அது தொடும்.

இனி இரண்டாவது விஷயம். போன வருஷம் புதுவீட்டுப் பிரதிஷ்டை படத்தில் உங்களைச் சேர்த்தேன், நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு மட்டும் காலடியில் நிழல் இல்லையே என்று பொன்செல்வி கேட்டாள். உட்கார்ந்து நிழலும் வரைந்தேன். நன்றாகவே அமைந்துவிட்டது. அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் எபனேசர் எப்போ வருவார் என்று கேட்பதில்லை. சுவரில்தான் நிற்கிறீர்களே. எனக்கே சில நாள் கேட்கத் தோன்றாமல் போய்விடுகிறது அத்தான். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதனால் இந்தத் தடவை சேர்க்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. வருகிற மாதம் கடைசி ஞாயிறு பேராயர் வருகிறார். பொன்செல்வியின் வெள்ளைச் சேலைக்கு பிளவுஸ் தைத்து வந்துவிட்டது. "அப்பா லீவு கேட்டாங்களாம்மா" என்று மட்டும் கேட்டாள். ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் அது கம்பெனிக்காரர்கள் சொன்னதாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் மேலதிகாரிகளின் மனதை இளக்குவார் என்று இருவரும் முழங்காலில் நிற்கிறோம். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் படம் எடுப்போம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டுத்தான் நிற்பேன். நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தோடுதான் படம் சுவரில் ஏறும். வந்து நில்லுங்கள்.

உங்கள்
பெர்சிஸ்